கங்கைக் கரையில் நம் கடற்கரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மிதிவண்டிக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)





இசையரங்கும் நாடகமும் காத்திருக்கும் இவ்விழாவில் எங்களுக்கும் அரைமணி நேரம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். கற்றறிந்தோரும் உயர் பதவி வகிப்போரும் வீற்றிருக்கும் இந்த அவையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே காரியாலயத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவின் வாயிலாகச் சரித்திரச் செய்தி வருவதா என்று எவரேனும் ஐயுறலாம். நாங்கள் கூறப்போவது ஆராய்ச்சி அன்று. சென்ற ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் குடியிருப்புகளைச் சேர்ந்த 23 பேர் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஸ்ரீராம்பூர் தொடங்கிப் பாண்டெல் வரை மிதிவண்டியிற் சென்று கண்டவற்றையும், வழிகாட்டியாக வந்த பெரியவரிடம் கேட்டவற்றையுமே உங்கள் முன் வைக்கப் போகின்றோம்.

இந்தப் பயணம் எவ்வாறு தோன்றிற்று என்பதை முதலிற் சொல்ல வேண்டும். பழமையான துறைமுக நகரங்களை மிதிவண்டியில் அழைத்துச் சென்று காட்டும் வழக்கம் வெளிநாடுகளிலே பரவியிருக்கிறது. கிரேக்க நாட்டிலே தெசலோனிக்கி என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. கி.மு. 315 அளவில் மாசிடோனிய மன்னன் கசாண்டர் அதனை நிறுவித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினான். அவள் மாவீரன் அலெக்சாந்தருக்குத் தங்கை முறையானவள். அந்நகரின் துறைமுகத்திலிருந்து வெள்ளைக் கோபுரம் வரையிலும், அதற்கு அப்பாலும் கடலை ஒட்டியே அகன்ற பாதை செல்கிறது. வழிகாட்டி முன்னே செல்ல, பயணிகள் பின்தொடர்ந்து, ரோமரும் பைசாந்தியரும் துருக்கியரும் யூதரும் அங்கு விட்டுச்சென்ற சின்னங்களை ஒவ்வொன்றாகக் கண்டு மகிழ்கின்றனர். நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உத்தியோக நிமித்தம் அங்கே சென்று, அவ்வாறு சுற்றிவந்த படங்களை நம்மவர்க்குக் காட்டினார். அவற்றைக் கண்ட பிள்ளைகள், "இப்படி ஓர் ஊர் நம் பக்கத்தில் இல்லையே!" என்று ஏங்கினர்.

இல்லையா? கிரேக்கரைக் காண்பதற்கே நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. காளிகாட்டிலே, நம்மவர் நாள்தோறும் கடந்து செல்லும் வழியிலே, 1920களில் எழுந்த கிரேக்கத் திருக்கோயில் தூண்களோடு நின்றுகொண்டிருக்கிறது. கடற்கரை நமக்கு அருகில் இல்லை என்பது மெய்யே. ஆயினும் கடலிற் செல்லும் கப்பல்களெல்லாம் ஒரு காலத்தில் வந்து தங்கிய பெருநதி நம் வாசலில் ஓடுகிறது. அந்நதியின் ஒரு கரையிலே, ரயில் பாதைக் கணக்கில் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், போர்த்துகேசியர் ஆகிய நான்கு நாட்டினர் வரிசையாகத் துறை அமைத்து வாணிகம் செய்தனர். இதற்கு ஒப்பான காட்சி உலகில் வேறெங்கே எளிதிற் கிட்டும்?

கல்கத்தா நகருக்குள்ளே மிதிவண்டிக்கு மதிப்புக் குறைவு. 2013ஆம் ஆண்டில் நகரப் போலீசார் பெரிய சாலைகள் பலவற்றில் மிதிவண்டி செல்லலாகாது என்று தடை விதித்தனர். பின்னர் சில இடங்களில் அது தளர்ந்தது. ஆகவே நகரை விட்டு வெளியேறி ஆற்றங்கரையை நாடுவதே தக்கதெனத் தீர்மானித்தோம். ஸ்ரீராம்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர், வயது எழுபதைக் கடந்தவர், எங்களுக்கு வழிகாட்ட இசைந்தார். அவரை "மாஸ்டர் மஷாய்" என்றே ஊரார் அழைக்கின்றனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். மிதிவண்டிகளை ஸ்ரீராம்பூரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். மாலையில் பாண்டெலிலிருந்து அவற்றைச் சிறு லாரியில் ஏற்றிவர அந்தக் கடைக்காரரே ஏற்பாடு செய்தார்.

காலை 6 மணிக்கு ஹௌராவில் பாண்டெல் லோக்கலில் ஏறினோம். ரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒன்றை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். கிழக்கிந்தியாவின் முதற் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஓடியது இதே பாதையில்தான்: ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை, 24 மைல். அதுவரை படகுகளுக்கே உரியதாயிருந்த பிரயாணத்தை இருப்புப் பாதை அன்று பங்கிட்டுக்கொண்டது. வழியிலே ரிஷ்ரா நிலையம் வந்தது. 1855இல் இந்தியாவின் முதற் சணல் ஆலை தோன்றியது அவ்வூரில். இந்நதியின் இரு கரையிலும் பின்னர் எழுந்த ஆலைகளுக்குப் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும், பழைய சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் வேலை தேடி வந்தனர். பிழைப்பை நாடி இக்கரைக்கு வந்தவர் நாம் மட்டும் அல்லர் என்பதை அந்த ஆலைப் புகைபோக்கிகள் நினைவூட்டின.

ஸ்ரீராம்பூர் நிலையத்து வாசலில் மாஸ்டர் மஷாய் தம் பழைய கறுப்பு மிதிவண்டியோடும், கழுத்தில் ஓர் ஊதலோடும் காத்திருந்தார். மூன்று விதிகளை அவர் அறிவித்தார். ஒருவர்பின் ஒருவராகவே செல்ல வேண்டும். ஊதல் கேட்டவுடன் நின்றுவிட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டும். முதல் இரண்டு விதிகளைப் பெரியவர்கள் அவ்வப்போது மீறினார்கள். மூன்றாவதைப் பிள்ளைகள் இறுதிவரை காத்தனர்.

முதலில் நின்ற இடம் 1806இல் கட்டி முடித்த புனித ஓலாவ் ஆலயம். அதன் முகப்பிலே டேனிஷ் மன்னர் ஏழாம் கிறிஸ்தியானின் முத்திரை எழுத்து இன்னும் இருக்கிறது. சிதைந்துகொண்டிருந்த அவ்வாலயத்தை அண்மையிலே நன்கு புதுப்பித்து, அதற்காக 2016இல் யுனெஸ்கோவின் விருதும் பெற்றிருக்கிறார்கள். மாஸ்டர் மஷாய் சொன்னார்: "1755இல் டேனிஷ்காரர் இங்கே இடம் பெற்றனர். தங்கள் மன்னர் பெயரால் பிரெடரிக்நகர் என்று ஊருக்குப் பெயரிட்டனர். இவ்வூர்க் காரியங்களுக்கெல்லாம் மேலதிகாரம் எங்கே இருந்தது தெரியுமா? உங்கள் நாட்டில், தரங்கம்பாடியில்!"

பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய வியப்பை நாங்கள் எங்ஙனம் விவரிப்போம்! தரங்கம்பாடியை 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடமிருந்து டேனிஷ்காரர் பெற்றனர். அலை வந்து மோதும் அவ்வூர்க் கோட்டையையும், 1792இல் எழுந்த நுழைவாயிலையும் நம்மில் மாயவரம், சீர்காழிப் பக்கத்தார் அறிவர். அத்தரங்கம்பாடியும் இந்த ஸ்ரீராம்பூரும் 1845இல் ஒரே விற்பனையில், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு மாறின. காவிரி நாட்டுக் கடற்கரையும் கங்கை நாட்டு ஆற்றங்கரையும் ஒரே பத்திரத்தில் விலைபோன செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

அங்கிருந்து கல்லூரிக்குச் சென்றோம். ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமாரை அனுமதியாத காலத்தில், வில்லியம் கேரியும் அவருடைய தோழர்கள் மார்ஷ்மன், வார்டு ஆகியோரும் 1800இல் இந்த டேனிஷ் ஊரிலே அடைக்கலம் புகுந்தனர். அச்சுக்கூடம் நிறுவினர். 1818இல் கல்லூரி தொடங்கினர். 1827இல் டேனிஷ் மன்னரின் சாசனம் அதற்குக் கிடைத்தது. அந்த அச்சுக்கூடத்தின் எழுத்துகளை உலோகத்தில் வெட்டிக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளக் கம்மியர். அவருக்கு முன்பே, வங்காள எழுத்துகள் உலோக அச்சில் ஏறிய முதல் நூல், ஹால்ஹெட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய இலக்கணம், 1778இல் ஹூக்ளியில் அச்சாயிற்று. அந்த எழுத்துகளை உருவாக்கிய வில்கின்ஸுக்கும் இதே பஞ்சானன் துணை நின்றவர்.

இதனைக் கேட்டதும் நம் குழுவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். "மாஸ்டர் மஷாய், தமிழ் எழுத்து 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. 'தம்பிரான் வணக்கம்' என்பது அந்தப் புத்தகத்தின் பெயர்" என்று தூய வங்காளத்திலே சொன்னாள். பெரியவர் மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஆண்டையும் பெயரையும் அவளையே திரும்பச் சொல்லச் செய்து எழுதிக்கொண்டார். "சரியாக 200 ஆண்டு மூத்தவர்கள் நீங்கள்! நாற்பது வருஷம் பாடம் நடத்தினேன், இதை எனக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லையே!" என்றார். அன்று முழுதும் அச்சிறுமிக்கு அவர் பக்கத்திலேயே செல்லும் உரிமை கிடைத்தது. பண்டமாற்று என்றால் இதுவன்றோ பண்டமாற்று! நம் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்டறிவதற்கும் உண்டு. ஊருக்குச் சொல்வதற்கும் உண்டு.

ஸ்ரீராம்பூரிலிருந்து கிராண்ட் டிரங்க் ரோடு வழியாக ஷேவ்ராபுலி, வைத்தியவாடி, பத்ரேஷ்வர் ஆகிய ஊர்களைக் கடந்தோம். ஒருபுறம் பஸ்கள், மறுபுறம் டோட்டோ வண்டிகள், இடையிலே காய்கறி ஏற்றிய தள்ளுவண்டிகள். இங்கே பெருஞ்சாலையில் செல்வது பொறுமைக்கு ஒரு பரீட்சையே. இயன்ற இடங்களிலெல்லாம் மாஸ்டர் மஷாய் எங்களை ஆற்றோரச் சந்துகளில் திருப்பினார். படித்துறைகளில் ஆண்கள் எண்ணெய் பூசி நீராடிக்கொண்டிருந்தனர். ஆலைச் சுவர்கள் நீண்டு கிடந்தன. சில ஆலைகளில் இயந்திர ஓசை கேட்டது, சிலவற்றின் கதவுகளிலே பூட்டுத் தொங்கிற்று. பத்ரேஷ்வரில் எங்கள் வண்டி ஒன்றின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் முதியவர் வேலை செய்துகொண்டே எங்கள் பேச்சைக் கவனித்தார். "மதராஸா?" என்றார். "பிறந்தது கல்கத்தா" என்றான் பத்து வயதுப் பையன் ஒருவன். "அப்படியானால் நம் ஊர்தான்" என்று சொல்லி, அவனையே காற்றடிக்கச் சொல்லிப் பம்ப்பைக் கையில் கொடுத்தார்.

நண்பகலுக்குச் சந்தன்நகர் எல்லையை அடைந்தோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுக் குடியரசின் மூன்று சொற்களைத் தாங்கிய வாயில் அங்கே நிற்கிறது. அதைக் கடந்து சென்றால் ஆற்றை ஒட்டிய ஸ்டிராண்டு வீதி. புதுவைக் கடற்கரைச் சாலையைக் கண்டவர் எவரும் இங்கு வந்தவுடனே, "அதே சாயல்!" என்று கூறாதிரார். மரநிழலும் ஆசனங்களும், நதியை நோக்கிய மாளிகைகளும், மாதா கோயிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. தாய்மார்களும் பாட்டிமார்களும் ரயிலில் முன்னரே வந்து, புளியோதரையும் தயிர்சாதமும் வடுமாங்காயுமாக நிழலில் காத்திருந்தனர். மாஸ்டர் மஷாய் இந்நகரின் புகழ்பெற்ற ஜலபரா சந்தேஷை வாங்கி வந்தார். கடித்தவுடன் உள்ளிருந்து பன்னீர்ப் பாகு சொட்டும் அவ்வினிப்பு, சில சட்டைகளில் அடையாளம் வைத்துவிட்டுச் சென்றது.

1731 முதல் இந்நகரின் பிரெஞ்சுத் தலைவராயிருந்து இதைச் செழிக்கச் செய்தவர் டூப்ளே. அவரே 1742இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தார். அவருக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையிலான சரித்திரத்துக்குக் கண்கண்ட சாட்சி. டூப்ளே இங்கே கட்டிவளர்த்த செல்வத்தையும் கோட்டையையும் 1757 மார்ச்சு மாதத்தில் கிளைவும் வாட்சனும் தகர்த்தனர். இன்று ஆர்லியன்ஸ் கோட்டை இல்லை. வணிகரின் வெற்றி எத்தனை நாளைக்கு?

மற்றொரு தொடர்பு நம் நெஞ்சை உருக்குவது. ஆங்கிலேயர் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாதாகையால் இந்நகர் புரட்சி வீரர்களுக்குப் புகலிடமாயிற்று. 1910 பெப்ரவரியில் கல்கத்தாவை விட்டு நீங்கிய அரவிந்தர் இங்கே ஏறத்தாழ ஒன்றரை மாதம் மறைந்திருந்தார். பின்னர் ஏப்ரல் 1ஆம் நாள் கல்கத்தாத் துறையில் 'டூப்ளே' என்னும் பெயர்கொண்ட கப்பலிலே ஏறி, 4ஆம் நாள் புதுச்சேரி சேர்ந்தார். அங்கே 1908 முதலே அடைக்கலம் புகுந்திருந்தவர் நம் பாரதியார். வங்கத்தின் பிரெஞ்சு ஊர் ஒருவரைக் காத்துக் கொடுக்க, தமிழகத்தின் பிரெஞ்சு ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. விடுதலையிலும் இவ்விரண்டு நகரங்கள் அக்காள் தங்கையரே. சந்தன்நகர் மக்கள் 1949 ஜூன் மாதத்தில் வாக்களித்து இந்தியாவோடு இணைய விரும்பினர். 1950 மே 2ஆம் நாள் நிருவாகம் நம் கைக்கு வந்தது. புதுச்சேரிக்கு அந்நாள் 1954 நவம்பர் 1ஆம் தேதி வந்தது.

உணவுக்குப் பின் சின்சுராவை நோக்கிப் புறப்பட்டோம். வங்காளியர் வாயில் அது சூஞ்சுடா. அது ஒல்லாந்தர் ஊர். அவர்களுடைய குஸ்தாவஸ் கோட்டை இருந்த சுவடே இன்று இல்லை. எஞ்சியிருப்பது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். உயர்ந்த கோபுரங்களின் கீழே பதினெட்டாம் நூற்றாண்டு வணிகரும், அவர்தம் மனைவியரும், பிறந்து சில திங்களிலே மறைந்த குழந்தைகளும் உறங்குகின்றனர். தொடக்கத்தில் வங்காளத்து ஒல்லாந்தர் நம் பழவேற்காட்டிலிருந்த மேலதிகாரிகளின் கீழே இருந்தனர். 1655இல்தான் பிரிந்து தனி நிருவாகம் ஆயினர். அந்தப் பழவேற்காட்டிலும் இதே போன்ற கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று, வருவோர்க்கு நிலையாமையை உபதேசிக்கின்றன. 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சின்சுராவும் பழவேற்காடும் மறு ஆண்டிலேயே கைமாறின. சுமத்ராவில் தங்களுக்கிருந்த பெங்கூலனை ஆங்கிலேயர் பதிலாகக் கொடுத்தனர். இங்கு வாழ்ந்த மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு சிறுவன் அங்கே கேட்ட கேள்வி எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கல்லைப் பார்க்க யாரும் வருவதில்லையா?" என்றான். மாஸ்டர் மஷாய் உடனே பதில் கூறவில்லை. பின்னர், "நாம் வந்திருக்கிறோமே, அது போதாதா?" என்றார்.

அடுத்து ஹூக்ளி இமாம்பாரா. 1841இல் தொடங்கி 1861இல் நிறைவுற்ற இப்பெரிய கட்டிடம், தம் சொத்து முழுவதையும் அறத்துக்கு எழுதிவைத்த ஹாஜி முகம்மது மொஹ்சினின் நினைவாக நிற்கிறது. அவ்வறக்கட்டளையின் பொருளால் 1836இல் தோன்றிய கல்லூரி இன்றும் அவர் பெயரோடு நடக்கிறது. மதம் பாராமல் மாணவர் பலர் அதிற் கற்றனர். மணிக்கூண்டின் மேலேறிப் பார்த்தால் நதி வளைந்து செல்வதும், ரயில் பாலமும் தெரிகின்றன. 1887இல் திறந்த ஜூபிலி பாலம் 129 ஆண்டு உழைத்து 2016இல் ஓய்வு பெற்றது. இன்று பக்கத்திலுள்ள சம்ப்ரீதி பாலத்தின் மீது வண்டிகள் ஓடுகின்றன. சம்ப்ரீதி என்றால் நல்லன்பு. பாலத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டோ?

மாலை 4 மணிக்குப் பாண்டெல் மாதா கோயிலை அடைந்தோம். பாண்டெல் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் 'பந்தர்' என்ற சொல்லின் திரிபு என்பர். போர்த்துகேசியர் 1599இல் இங்கே ஆலயம் எழுப்பினர். 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டுப் பிடித்தபோது அது அழிந்தது. சிறுவர் சிறுமியரைப் பிடித்து அடிமைகளாக விற்ற கொடுமையும் அம்முற்றுகைக்குக் காரணங்களில் ஒன்று. இதனையும் மாஸ்டர் மஷாய் மறைக்காமல் சொன்னார். அழகிய மாளிகைகளைக் காட்டுபவர், அவற்றின் அடியிற் கிடக்கும் கண்ணீரையும் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் 1660இல் ஆலயம் மீண்டும் எழுந்தது.

அங்கே படித்துறையில் அமர்ந்து அவர் ஒரு விளையாட்டு நடத்தினார். போர்த்துகேசியர் நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் இருந்தனர், இங்கும் இருந்தனர். ஆகவே இரண்டு மொழிகளிலும் அவர்கள் விட்டுச்சென்ற பொதுச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் போட்டியிட்டுக் கூவினர். நம் சாவி வங்காளியர்க்குச் சாபி. நம் சன்னல் அவர்க்கு ஜானாலா. நம் அலமாரி ஆல்மாரி. துவாலை தோயாலே, பொத்தான் போதாம், அன்னாசி ஆனாரஸ், ஏலம் நிலாம், பாதிரி பாத்ரி. வீட்டைத் திறப்பதும், காற்றை உள்ளே விடுவதும், துணியை மடித்து வைப்பதும் இரு வீட்டாருக்கும் ஏறத்தாழ ஒரே சொல்லால் அன்றோ நடக்கின்றன! 1632இல் பறிபோன துறைமுகத்தின் சரக்கெல்லாம் எங்கேயோ மறைந்தது. அடுக்களையிலும் அலமாரியிலும் ஒளிந்துகொண்ட சொற்கள் மட்டும் இன்றும் உயிரோடிருக்கின்றன.

அன்பர்களே! இப்பயணத்தால் நாங்கள் தெளிந்த கருத்து இதுவே. கங்கைக் கரையின் நான்கு ஊர்களுக்கும் நம் சோழமண்டலக் கரையில் உடன்பிறப்புகள் உண்டு. ஆகவே கல்கத்தாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்நதி அந்நிய நதி அன்று. அத்துடன் இவ்வூர்கள் நமக்கு ஓர் எச்சரிக்கையும் விடுக்கின்றன. கோட்டைகள் போயின, பண்டகசாலைகள் போயின, வணிகரின் பேரேடுகளும் போயின. நின்றவை எவை? கல்லூரி நின்றது. அறக்கட்டளை நின்றது. அச்செழுத்து நின்றது. வாயிற் புகுந்த சொல் நின்றது. காளிகாட்டுக் கிரேக்கத் திருக்கோயிலை எண்ணிப் பாருங்கள்: அதைக் கட்டிய குடும்பங்கள் இந்நகரை விட்டுச் சென்று பல்லாண்டுகள் ஆயின, வங்காளியர் சிலர் அதில் விளக்கேற்றி வருகின்றனர்.

நம் நிலை என்ன? பிள்ளைகள் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். ஓய்வு பெற்றோர் ஊர் திரும்புகின்றனர். குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு தமிழ் வீடுகள் குறைகின்றன. சென்ற ஆண்டு நெடுங்காலக் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது, அவர்கள் போற்றிவைத்திருந்த பழைய விழா மலர்களும், அழைப்பிதழ்களும், நாடகப் படங்களும் பழைய காகிதக்காரரின் தராசில் எடைக்குப் போயின. எவரையும் குறை கூறுவதற்கில்லை. மூட்டை கட்டும் அவசரத்தில் யார் காகிதத்தை எண்ணுவர்? ஆனால் ஒல்லாந்தருக்குக் கல்லாவது மிஞ்சியிருக்கிறது. நாமோ கல்லும் வைக்கமாட்டோம். எழுத்தும் வைக்காவிடில், இங்கே நாம் வாழ்ந்ததற்குச் சாட்சி யாது?

எனவே எங்கள் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களைச் சமர்ப்பிக்கின்றோம்.

ஒன்று: இந்த மிதிவண்டிப் பயணம் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் நடைபெற வேண்டும். வண்டி ஓட்ட இயலாதோர் ரயிலில் வந்து சந்தன்நகரில் எங்களோடு உண்ணலாம்.

இரண்டு: வருகின்ற ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் தன் வங்காளித் தோழன் அல்லது தோழி ஒருவரை உடனழைத்து வரவேண்டும். அவர்கள் நமக்கு ஹூக்ளியைச் சொல்லட்டும். நாம் அவர்களுக்குத் தரங்கம்பாடியைச் சொல்வோம்.

மூன்று: ஒவ்வொரு குடும்பமும் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வேலைக்காக இந்நகருக்கு வந்தது என்பதை ஒரு பக்கம் எழுதிச் சங்க நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். பழைய படங்களும் கடிதங்களும் இருந்தால் அவற்றையும் கொடுத்துதவுங்கள். அவற்றை வரிசைப்படுத்திப் பேரேட்டில் பதியும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். குமாஸ்தாக்களுக்கு அது கைவந்த கலை.

அடுத்த பயணத்திற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், விழா முடிந்ததும் வாயிலருகே வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம். முதல் வரியில் மாஸ்டர் மஷாய் தம் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி கற்றுக்கொடுத்தாள்.